தலைக்கு மேலே ஒரு படிக்கட்டு

பாப்பா, வெட்கத்தை விட்டு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன்னைப் பேசி முடிக்க யாழ்ப்பாணத்திலிருந்து மாப்பிள்ளையின் அம்மா, உன் அத்தை, தன் தம்பியோடு வேன் பிடித்துப் பதுளைக்கு வந்தாரே, அன்றைக்குக் காலையில் அத்தை போனில் என்னிடம் ஒரு சின்னக் கேள்விதான் கேட்டார். மார்க்கெட்டுக்குப் பின்னால் வாகனம் நிறுத்துகிற இடத்துக்கு வந்துவிடுங்கள், அங்கிருந்து மண்டபம் கிட்டத்தான் என்று நான் சொல்லியிருந்தேன். "அந்த இடத்தை எப்பிடி அடையாளம் காணுறது? பக்கத்தில என்ன கட்டடம் நிக்குது, என்ன நிறம்?" என்று கேட்டார். நான் யோசித்தேன். உனக்குப் பல் முளைத்த காலத்திலிருந்து அந்த இடத்தில்தான் ஆட்டோ நிறுத்துகிறேன். பக்கத்தில் ஒரு கட்டடம் இருப்பது நிச்சயம், ஏனென்றால் மத்தியானத்துக்கு மேல் அதன் நிழலில்தான் தூங்குவேன். நிறம் மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை. "ஹலோ, ஹலோ, கேக்கலீங்களே" என்று கத்திவிட்டுப் போனை அணைத்தேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

மறுபடியும் அடித்தார். இந்த முறை நிறத்தை விட்டுவிட்டு வழியைக் கேட்டார். தோட்டத்து ஆள் வழி சொல்வது எப்படி என்று உனக்குத் தெரியும். நமக்கு மேல்பக்கம், கீழ்ப்பக்கம், அவ்வளவுதான். வீட்டு வரிசை என்றால் மேல் லயம், கீழ் லயம்; மற்றதெல்லாம் மேல் மலை, கீழ் ரோடு. இடது வலது எல்லாம் சோறு தின்கிற கைக்கும் மற்றக் கைக்கும்தான். "பஸ் ஸ்டாண்டுலருந்து மேல ஏறுங்க. ஏறுனா ஒரு எறக்கம் வரும், அதுல எறங்கிறாதீங்க. இன்னும் மேல போயி, அப்புறமா கீழ எறங்குங்க" என்றேன். "ஐயா, நாங்கள் யாழ்ப்பாணம். எங்கட ஊரில ஏத்தம் எண்டா கிணத்துக்கட்டு ஒண்டுதான். இடமோ வலமோ எண்டு சொல்லுங்கோ" என்றார். "அது நீங்க எந்தப் பக்கம் பாத்து நிக்கிறீங்கங்கிறதப் பொறுத்துங்க" என்றேன். "நான் உங்களைப் பாக்கத்தான் வந்தனான்" என்றார். கோபம் வந்துவிட்டது என்று அப்போதே தெரிந்தது.

அதற்குப் பிறகு மண்டபத்தில் நடந்தது உனக்குத் தெரியும். நல்ல நேரம் முடியப் போகிற நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். வந்து உட்கார்ந்த அத்தை வாயே திறக்கவில்லை. நீ காலில் விழுந்தபோதுகூட எழும்பவில்லை. தலையில் கை வைத்தார், அதோடு சரி. பேச்சையெல்லாம் அவருடைய தம்பியே பேசினார். சாயங்காலம் நீ என்னிடம், "அப்பா, அவங்களுக்கு என்னையப் புடிக்கல. தோட்டத்துப் புள்ளன்னு நெனைக்கிறாங்க" என்றாய். "சேச்சே, யாழ்ப்பாணத்துல ஞாயித்துக்கெழம பேச மாட்டாங்களாம்" என்று பகிடி விட்டேன். நீ சிரித்தாய். பிறகு நாள் குறிக்க அவர்கள் இழுத்தடித்தபோது சிரிக்கவில்லை. கல்யாணத்தன்றுகூட அத்தை கிட்டே வரும்போதெல்லாம், வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளை மாதிரி விறைத்துப்போய் நின்றாய். நாளைக்கு அந்த வீட்டில் வாழப் போகிறாய். இந்த நினைப்போடு நீ வேனில் ஏறக் கூடாது. அதனால்தான் ஐந்தாம் வகுப்போடு நின்ற கையால் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பிழைகளைச் சிவப்புப் பேனாவால் சுழித்துக்கொள், டீச்சரம்மா.

நடந்தது இதுதான். இரண்டாவது போனுக்குப் பிறகு பொறுக்க முடியாமல், வெள்ளை வேட்டியோடு ஆட்டோவை எடுத்துக்கொண்டு அவர்களைத் தேடிப் போனேன். பஸ் ஸ்டாண்டில் இல்லை. ஸ்டேஷன் ரோட்டில் இல்லை. கடைசியில் பார்த்தால், நான் சொன்ன இடத்துக்கே எப்படியோ வந்து, நான் வழக்கமாக ஆட்டோ நிறுத்துகிற இடத்திலேயே வேனை நிறுத்தியிருந்தார்கள். அத்தையின் தம்பி மட்டும் வெளியே நின்றார். கும்பிட்டேன். "அக்கா எங்கீங்க?" என்றேன். விரலை மேலே காட்டினார். நான் தலையைத் தூக்கினேன். சத்தியமாகச் சொல்கிறேன் பாப்பா, அந்த இடத்தில் நான் தலையைத் தூக்கியது அன்றைக்குத்தான்.

கட்டடம் மஞ்சள். ஒரு காலத்தில் மஞ்சள் என்று சொல்லவேண்டும். முன்பக்கம் பெரிய ரோட்டைப் பார்த்துக் கண்ணாடி போட்ட புடைவைக் கடை இருக்கிறதே, தீபாவளிக்கு நாம் போவோமே, அதே கட்டடத்தின் பின்பக்கம்தான் இது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். முன்பக்கத்துக்குப் போட்ட பெயின்டில் ஒரு கைகூடப் பின்பக்கத்துக்கு வரவில்லை. சுவரை ஒட்டி வெளியிலேயே ஒரு சீமெந்துப் படிக்கட்டு, மூன்று மாடிக்கும் போகிறது. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் வெறும் காற்று. கைப்பிடி இல்லை. கைப்பிடி வைக்க நினைத்து யாரோ விட்டுப்போன கம்பி நுனிகள் மட்டும் துருப்பிடித்து நீட்டிக்கொண்டு நின்றன. உச்சியில் ஒரு ஊதாப் பட்டுச் சேலை குந்தியிருந்தது.

"மேல உள்ள வகுப்பு ஒண்டுதான் திறந்து கிடந்தது. வழி கேட்டு வாறன் எண்டு ஏறினவ" என்றார் தம்பி. "ஏறேக்க ஒண்டும் தெரியேல்ல. திரும்பிக் கீழ பாத்தவுடன இருந்திட்டா. நான் ஏறுவம் எண்டா என்ர முழங்கால் விடாது." மேலேயிருந்து அத்தையின் குரல் வந்தது. "நான் இதால இறங்கமாட்டன்! வேற படி இருந்தாச் சொல்லுங்கோ!" "அசையாதீங்க சம்பந்தியம்மா, இந்தா வந்துட்டேன்!" என்று கத்தினேன். இன்னும் சம்பந்தம் பேசி முடியவில்லை. வாய் முந்திக்கொண்டது.

நான் மலையில் பிறந்தவன். ஏற்றத்துக்கு எனக்கென்ன பயம் என்று ஏறினேன். மலையில் சறுக்கினால் பிடித்துக்கொள்ளத் தேயிலைச் செடியாவது இருக்கும். இங்கே இரண்டாம் மாடித் திருப்பத்தில் வேட்டி காற்றில் உப்பிக்கொண்டு என்னைத் தள்ளியது. கீழே என் ஆட்டோ தீப்பெட்டி மாதிரி தெரிந்தது. சுவரோடு பல்லி போல ஒட்டிக்கொண்டேன். கண்ணுக்கு நேரே ஒரு போர்டு. உயர்தர வகுப்பு, கணிதம், சனி ஞாயிறு. கீழே அந்தக் கணக்கு மாஸ்டரின் பெயர். இரண்டு வருஷம் உன்னை வாராவாரம் கொண்டுவந்து இறக்கிய வகுப்பு. "எங்க புள்ள கிளாஸ்?" என்று கேட்டிருக்கிறேன். "மேலப்பா" என்றிருக்கிறாய். மேலே என்றால் உள்ளே படி இருக்கும், கட்டடம் என்றால் அப்படித்தானே என்று இருந்துவிட்டேன். ஹயர் கிடைத்தால் உடனே பாய வேண்டும் என்று ஆட்டோவின் முகத்தை எப்போதும் ரோட்டுப் பக்கம் திருப்பித்தான் நிறுத்துவேன். கட்டடத்துக்கு முதுகு. நீ எனக்கு முதுகுக்குப் பின்னால் ஏறினாய், முதுகுக்குப் பின்னால் இறங்கினாய்.

அந்த நேரம் பார்த்து வகுப்பு விட்டது. பிள்ளைகள் வரிசையாக இறங்கி வந்தார்கள், பாப்பா. ஒரு கையில் கொப்பி, மறு கை சுவரில், வாயில் ஓயாத பேச்சு. எவளோ ஒருத்தியின் ஹேர்கிளிப்பைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே இறங்கினார்கள். "அங்கிள், சுவத்துப் பக்கம் நாங்க வருவோம், நீங்க அப்படியே நில்லுங்க" என்று என்னைத் தாண்டிப் போனார்கள். மேலே அத்தையைப் பார்த்து ஒருத்தி, "அண்டி, நிக்காதீங்க, உக்காந்து உக்காந்து எறங்குங்க. மழை நாள்ல நாங்க அப்படித்தான் எறங்குவோம்" என்றாள். மழை நாள் என்றாள். மழை நாளில் நீ வர நேரமாகும். இரண்டு பக்கமும் றெக்சின் திரையை இறக்கிவிட்டு உள்ளே சுருண்டு கிடந்துகொண்டு, "என்னா மகாராணி, படி எறங்க இம்புட்டு நேரமா?" என்று கிண்டல் பண்ணியிருக்கிறேன். நீ ஈரத்தோடு ஏறி உட்கார்வாய். வீட்டுக்கு வந்தால் உன் உடுப்பின் பின்பக்கமெல்லாம் பச்சைப் பாசி. "வயசுப் புள்ள, கண்ட எடத்துல உக்காருதே" என்று நான்தான் உனக்குப் பாடம் எடுப்பேன்.

இத்தோடு முடிந்தது என்று நினைக்காதே. மூன்றாம் மாடியில் ஒரு தையல்காரர் இருக்கிறாரே, உனக்குத் தெரியும், அவர் சத்தம் கேட்டு, சாத்தியிருந்த கதவைத் திறந்து, கழுத்தில் அளவு நாடாவோடு வெளியே வந்தார். சுவரில் ஜன்னல் கம்பிகளுக்கு இடையில் கட்டிய ஒரு கயிற்றைப் பிடிக்கப் போனேன். "அண்ணே, அந்தக் கயித்த முழுசா நம்பாதீங்க. கீழ்த்துண்ட எவனோ அறுத்துட்டுப் போயிட்டான்" என்றார். "யாரு கட்டுனது?" என்று கேட்டேன். "முன்னாடி இங்க படிச்ச ஒரு புள்ள. நமுனுகுலப் பக்கம். அப்பா ஆட்டோ ஓட்டுறாராம். சின்னப் புள்ளைங்க பயப்படுதுன்னு அதுவே கயிறு வாங்கியாந்து கட்டுச்சு. இப்ப டீச்சரா இருக்காம்." கயிறு வெயிலில் வெளுத்திருந்தது. முடிச்சுக்குள் மட்டும் இன்னும் நீலம்.

நீல நைலோன் கயிறு. உனக்கு ஞாபகம் இருக்கும். இல்லாமல் இருக்குமா? நீ அந்த வகுப்புக்குப் போன காலத்தில் ஒரு நாள், மெத்தையை ஏற்றிக்கொண்டு அவசரமாகப் போகவேண்டும் என்று ஒரு ஆள் நின்றார். கட்டக் கயிறு இல்லை. ஆட்டோவுக்குப் பின்னால் சுவரோரத் தண்ணீர்க் குழாயில் ஒரு நீலக் கயிறு சும்மா தொங்கியது. கத்தியால் வேண்டிய அளவு அறுத்துக்கொண்டேன். அன்றைக்குச் சாயங்காலம் நீ ஆட்டோவில் ஏறி, சீட்டுக்குப் பின்னால் அதைப் பார்த்துவிட்டு, "இது எங்கப்பா எடுத்தீங்க?" என்று கேட்டாய். "கீழ தொங்குச்சு, யாருக்கும் வேணாம் போல, எடுத்துக்கிட்டேன்" என்றேன். நீ என்னைப் பார்த்தாய். அப்புறம் சிரித்தாய். நல்ல உறுதியான கயிறு என்றாய். அந்தக் கயிற்றில்தான் இவ்வளவு காலமும் நம் வீட்டில் துணி காய்கிறது.

தையல்காரர் சொன்னதையெல்லாம் அத்தையும் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டிருக்கவேண்டும். "உங்கட மகளோ?" என்றார். "ஆமாங்க." "ரெண்டு வருசமும் இதாலயோ ஏறினவ?" "ஆமாங்க." "நீங்கள் ஒரு நாளும் மேல வந்து பாக்கேல்லையோ?" கல்யாணப் பேச்சு தொடங்கிய நாளிலிருந்து போனில் அவரிடம் நான் அடித்த தம்பட்டம் கொஞ்சநஞ்சமா? என் மகளைக் கண்ணுக்குள்ளே வைத்து வளர்த்தேன், வகுப்புக்குக்கூட நானே கொண்டுபோய் விட்டு நானே கூட்டிவந்தேன், ஒரு நாள் தனியாக விட்டதில்லை என்று. "கீழதாங்க இருந்தேன்" என்றேன். நான் ஒரு படி முன்னால் உட்கார, அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார, இப்படியே இரண்டு பேரும் உட்கார்ந்து உட்கார்ந்து அந்த மூன்று மாடியும் இறங்கினோம். கீழே அவருடைய தம்பி கண்ணை மூடிக்கொண்டு தேவாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது புரிகிறதா? நீ காலில் விழுந்தபோது அத்தை ஏன் எழும்பவில்லை என்று? பட்டுச் சேலையின் பின்பக்கம் முழுக்கப் பாசி. நான் அன்றைக்கு மண்டபத்தில் சுவரோடு சுவராக நின்றதைப் பார்த்து, அப்பா சம்பந்திகள் முன்னால் எவ்வளவு அடக்கமாக நிற்கிறார் என்று உன் சித்தி சொன்னாளாம். வேட்டியும் பச்சைதான். அத்தை வாய் திறக்காதது உன்னால் இல்லை. என் முகத்தைப் பார்த்தால் என்ன கேட்டுவிடுவோமோ என்று அடக்கிக்கொண்டிருந்திருக்கிறார். உன்னைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். உன் கையை, உன் காலை. நீ தேத்தண்ணி கொண்டுவந்தபோது உன் செருப்பைக்கூட உற்றுப் பார்த்தார். நீ அதைத்தான் குறை பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டாய்.

புறப்படும்போது வேனுக்குப் பக்கத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நான் சீதனப் பேச்சு என்று நினைத்து, தோட்டத்தில் பிறந்தவனிடம் என்ன இருக்கிறது என்று மனதுக்குள் வாக்கியம் கட்டிக்கொண்டு போனேன். "சீதனம் எண்டு ஒண்டும் எங்களுக்கு வேண்டாம்" என்றார். "அந்தப் படிக்குக் கம்பி போடுங்கோ. போட்டாப் பிறகுதான் நாள் குறிப்பம்." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அது என் கட்டடம் இல்லீங்களே" என்றேன். "உங்கட மகளும் உங்கட கட்டடத்திலயோ படிச்சவ?" என்றார். வேனில் ஏறிக் கதவைச் சாத்தப் போனவர் மறுபடியும் திறந்து, "இதைப் பிள்ளைக்குச் சொல்லாதேங்கோ. பயப்பிடுவா" என்றார். ஆகவே நாள் குறிக்க அவர்கள் இழுத்தடிக்கவில்லை, கண்ணு. இழுத்தது நான். உன் கல்யாணம் ஒரு இரும்புக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் உன் முன்னால் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு திரிந்தேன்.

மறுநாள் சாயங்காலம் வீட்டுக்குப் போய் உன் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். கொழுந்து எடுத்துவிட்டு வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தெரியும்" என்றாள். "என்னாது தெரியும்?" "பாசி எங்கருந்து வருதுன்னு ஒரு நா பின்னாடியே பஸ்ஸுல வந்து பாத்தேன். கயிறு கட்டச் சொன்னதே நாந்தான்." "எங்கிட்ட ஏன்டி சொல்லல?" "சொன்னா கிளாஸ நிறுத்திருப்பீங்க. புள்ள இன்னைக்கி எங்கூட மலையில கொழுந்தெடுத்துக்கிட்டு நிக்கும்" என்றாள். ஆக இந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. தையல்காரருக்குத் தெரியும், உன் அம்மாவுக்குத் தெரியும், ஹேர்கிளிப் பிள்ளைகளுக்குத் தெரியும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அத்தைக்கு ஒரே காலையில் தெரிந்துவிட்டது. தெரியாதவன் அந்தக் கட்டடத்தின் நிழலில் தூங்கிக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வியாதி பிடித்திருக்கிறது. நிறுத்துகிற இடத்தில் எல்லாம் இறங்கி நின்று பார்க்கிறேன். பார்க்கப் பார்க்கத் திக்கென்கிறது. துன்ஹிந்தை நீர்வீழ்ச்சிக்குப் போகிற வழியில் எத்தனை வளைவு என்று வெள்ளைக்காரனுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். நான் நிற்கிற தரை என்ன தரை என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் ஆட்டோவுக்கு அடியில் விழுந்த சாவியை எடுக்கக் குனிந்தேன். எண்ணெய்க் கறைக்குக் கீழே சிவப்பாக மினுங்கியது. தண்ணீர் ஊற்றித் தேய்த்தேன். சிவப்புச் சீமெந்துத் தரை, ஓரத்தில் கறுப்புக் கரை போட்டு, வழுவழுவென்று. வாகனம் நிறுத்துகிற அந்த இடம் முன்பு யாருடைய வீடோ. சுவரோரத்தில் புகை படிந்த ஒரு மூலை இருக்கிறது, அது அடுப்படி. இத்தனை வருஷமும் நான் யாரோ ஒருத்தியின் சமையலறையில் ஆட்டோவை நிறுத்திவிட்டு வெற்றிலை துப்பியிருக்கிறேன். இப்போது அங்கே துப்புவதில்லை. மற்ற டிரைவர்கள் சிரிக்கிறார்கள். "அண்ணன் வீட்டுக்குள்ள வந்துட்டாரு, செருப்பக் கழட்டுங்கடா" என்கிறார்கள்.

அதனால் உனக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான், பாப்பா. போகிற ஊரில் கோயில் கோபுரத்தை எல்லாரும் காட்டுவார்கள், பார். பார்த்துவிட்டு, நீ தினமும் போய்வருகிற கட்டடத்தின் பின்பக்கமும் ஒரு தடவை போய்ப் பார். பள்ளிக்கூடத்தில் உன் வகுப்புப் பிள்ளைகள் எந்தப் படியில் ஏறி வருகிறார்கள், எந்தச் சுவரைப் பிடித்துக்கொள்கிறார்கள், மழை நாளில் ஏன் பிந்துகிறார்கள் என்று பார். ஒரு பிள்ளை உடுப்பில் கறையோடு வந்தால், என்னைப் போல உடனே பாடம் எடுக்காமல், முதலில் அது எங்கேயிருந்து வந்தது என்று கேள். அப்புறம், என்னைப் போல ஒரு ஆள் உனக்கு வாய்த்தால் பயந்துகொண்டு மறைக்காதே. உன் புருஷன் நல்ல பையன். ஆனால் ஆம்பிளைகள் எல்லாரும் ஆட்டோவை ரோட்டுப் பக்கம் பார்த்துத்தான் நிறுத்துகிறோம். தோளில் தட்டித் திருப்பிக் காட்டு.

கம்பி எப்படி வந்தது என்று கேட்பாய். கட்டடத்து முதலாளி முன்பக்கப் புடைவைக் கடையில் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்திருப்பார். போய்ச் சொன்னேன். "இத்தன வருஷமா ஒருத்தரும் விழல்லியே" என்றார். "விழுந்தவன் வந்து சொல்லவா போறான் மொதலாளி?" என்றேன். அவர் என்னைக் கடையை விட்டுப் போகச் சொன்னார். நாலைந்து தடவை போனேன், அதே பதில். கடைசியில் தையல்காரரும் நானும் பேசிவைத்துக்கொண்டோம். "மொதலாளி, டெய்லர் ஒங்களுக்கு ஒரு சட்டை தைக்க ஆசைப்படுறாரு. அளவெடுக்கணும், ஒருக்கா மேல வந்து ஒரு தேத்தண்ணியும் குடிச்சிட்டுப் போங்க" என்று கூப்பிட்டேன். சட்டை என்றதும் வந்தார். தன் சொந்தக் கட்டடத்தின் பின்படியில் ஏறிப் பல வருஷமாகியிருக்கும் போல. ஏறினார், அளவு கொடுத்தார், தேத்தண்ணி குடித்தார், வாசலுக்கு வந்து கீழே பார்த்தார். "அல்லாவே" என்று அப்படியே குந்திவிட்டார். "பயப்படாதீங்க, உக்காந்து எறங்குங்க, நல்ல நல்ல ஆளெல்லாம் இப்படித்தான் எறங்கிருக்காங்க" என்று தோளைக் கொடுத்தேன். இரண்டாம் மாடியில் "பாப்போம்" என்றார். முதலாம் மாடியில் "போடுவோம்" என்றார். கடைசிப் படியில், "வெல்டிங்காரன் எங்க? இன்னைக்கே கூப்புடு" என்றார்.

வெல்டிங் சுனில் வந்தான். இரும்புக் குழாய்களை எங்கள் ஸ்டாண்ட் ஆட்டோக்கள் கூரையில் கட்டிக்கொண்டு வந்து சேர்த்தன. அடியிலிருந்து உச்சி வரை கம்பி ஏறியதும் போனில் படம் பிடித்து அத்தைக்கு அனுப்பினேன். "பிடிச்சு ஆட்டிக் காட்டுங்கோ" என்று பதில் வந்தது. கம்பியை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கி ஆட்டிக் காட்டி, அதையும் வீடியோவாக அனுப்பினேன். அதற்கு அடுத்த நாள்தான் உனக்கு முகூர்த்த நாள் குறித்து அவர்களிடமிருந்து போன் வந்தது. நீ லயம் முழுக்க ஓடி ஓடிச் சொன்னாய்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே அத்தை பதுளைக்கு வந்துவிட்டாரே, நகை ஏதோ வாங்கவேண்டும் என்று உனக்குச் சொன்னாரே, அது இதற்குத்தான். நேரே வாகனம் நிறுத்துகிற இடத்துக்கு வரச் சொன்னார். "மஞ்சள் கட்டடம், இடப்பக்கம்" என்று நான் வழி சொன்னேன். வந்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கம்பியைப் பிடித்துப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினார். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. இரண்டு பிள்ளைகள் சுவரைத் தொடாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவரைத் தாண்டி இறங்கினார்கள். அவர் நின்று, அவர்கள் தரையை மிதிக்கும் வரைக்கும் பார்த்தார். உச்சிக்குப் போய், தையல்காரர் வாசலில் நிமிர்ந்து நின்று, கீழே பார்த்து, என்னை நோக்கிக் கையசைத்தார். "இனி உங்கட மகளைத் தாங்கோ" என்று சத்தம் போட்டுச் சொன்னார். வாகனம் நிறுத்த வந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

எனக்கு அந்தக் கட்டடம் முழுவதையும், கம்பியையும், அத்தையையும் சேர்த்து ஒரே பார்வையில் பார்க்கவேண்டும் போல இருந்தது. தலையைத் தூக்கியபடியே பின்னால் நடந்தேன். தரையில் குழியாக இருந்த ஓர் இடத்துக்கு முதலாளி அன்று காலையில்தான் சீமெந்து போட்டிருந்தார். வலது கால் கணுக்கால் வரை இறங்கியது. இழுத்தேன், கால் வந்தது, செருப்பு வரவில்லை. கல்யாணத்துக்கென்று வாங்கிய செருப்பு. சுனில் கையை விட்டுத் தேடப் போனான். மறுபடியும் கிளறினால் மட்டம் கெட்டுவிடும் என்று முதலாளி தடுத்து, மேலே இன்னும் கொஞ்சம் சீமெந்து போட்டுப் பூசச் சொன்னார். பூசினார்கள். கல்யாணத்தில் உன் தாய்மாமாவின் செருப்பைப் போட்டிருந்தேன். அது ஒரு சைஸ் சின்னது. அந்த இடத்தில் இப்போது ஒரு வெள்ளை வேன் நிறுத்துகிறார்கள்.